மழை நாளில் இங்கிலாந்து ரயில் உலா

மழை என்பதற்காகப் பயணத்தைக் கைவிடாதீர்கள். ஊர்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஒரே நாளில் மூன்று ஊர் என்று திட்டமிட்டால், ஈரக் காலணியோடு பிளாட்பாரத்தில் காத்திருப்பதிலேயே பொழுது கரைந்துவிடும். ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே கூரைக்கடியில் பார்க்க நிறைய உள்ள ஊரைத் தேர்ந்தெடுங்கள். லீட்ஸில் தங்கியிருப்பவர்களுக்கு யார்க் மிகப் பொருத்தம். ரயிலில் அரை மணிக்குள் போய்விடலாம். ஸ்டேஷனிலிருந்து சில நிமிட நடையில் தேசிய ரயில்வே அருங்காட்சியகம், நுழைவு இலவசம். 1938-இல் மணிக்கு 126 மைல் வேகத்தைத் தொட்ட மல்லார்ட் நீராவி எஞ்சினின் நீலப் பக்கவாட்டை அங்கே கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம்.

டிக்கெட் விஷயத்தில், முன்கூட்டியே வாங்கும் அட்வான்ஸ் டிக்கெட்தானே மலிவு என்று கேட்கலாம். மலிவுதான், ஆனால் அது குறித்த ரயிலுக்கு மட்டுமே செல்லும். மழை வலுத்தால் தாமதித்துக் கிளம்ப வழியில்லை. நெரிசல் குறைந்த நேரத்துக்கான ஆஃப்-பீக் ரிட்டர்ன் டிக்கெட் கிடைத்தால் அதையே வாங்குங்கள். அனுமதித்த நேரத்துக்குள் உங்கள் வசதிப்படி ரயிலை மாற்றிக்கொள்ளலாம். குடையை மட்டும் நம்பாமல் தலைமூடி வைத்த மழைக்கோட்டும் எடுத்துச் செல்லுங்கள். காற்று குடையைத் திருப்பிவிடும். டிக்கெட்டை நனையாமல் பத்திரப்படுத்துங்கள். ரயில் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் தாமதமானால் இழப்பீடு கேட்க அது வேண்டும்.