பல் பார்த்துக் கட்டும் தூண்டில்: புளூஃபிஷ் பிடிக்கும் முறை

புளூஃபிஷ் தூண்டிலில் மாட்டுவது எளிது. மாட்டியதைக் கரைசேர்ப்பது, முள்ளைக் கழற்றுவது, கெடாமல் அடுப்புவரை கொண்டுபோவது ஆகிய மூன்றில்தான் வேலை இருக்கிறது. மூன்றுக்கும் காரணம் அதன் வாய். ஒற்றை வரிசையில் கத்திமுனைபோல் நிற்கும் முக்கோணப் பற்கள் நைலான் நரம்பை ஒரே கடியில் அறுத்துவிடும். விரலுக்கும் அதே கதிதான். வலுவான கீழ்த்தாடை சற்றே முன்தள்ளி நிற்பதால் கடி ஆழமாக விழுகிறது.

உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ் 1766-இல் இதற்கு வைத்த இனப்பெயர் சால்டாட்ரிக்ஸ். லத்தீனில் துள்ளி ஆடுபவள் என்று பொருள். அதன் குடும்பத்தில் இன்று உயிரோடு இருக்கும் இனம் இது ஒன்றே. ஆஸ்திரேலியாவில் இதை டெய்லர் என்றும், தென்னாப்பிரிக்காவில் எல்ஃப் அல்லது ஷாட் என்றும், துருக்கியில் லூஃபர் என்றும் அழைக்கிறார்கள். துருக்கியில் அளவுக்கு ஒரு பெயர் உண்டு. விரல்நீளக் குஞ்சுக்கு அங்கே ‘பிரிஞ்சி இலை’ என்று பெயர். இங்கே சொல்லப்படும் முறை, மெய்ன் முதல் ஃபுளோரிடா வரை நீளும் அமெரிக்க அட்லாண்டிக் கரைக்கு உரியது.

காலத்தை முதலில் அறிய வேண்டும். இது வலசை போகும் மீன். வசந்தத்தில் வடக்கே ஏறும், இலையுதிர்காலத்தில் தெற்கே இறங்கும். கடல்நீர் ஏறக்குறைய 15 டிகிரி செல்சியஸைத் தொடும்போது கரையோரம் வரத் தொடங்குகிறது. வட கரோலினாவின் அவுட்டர் பேங்ஸ் மணல்திட்டுகளில் ஏப்ரல், மே மாதங்களிலும், மறுபடி நவம்பரிலும் நல்ல வேட்டை. நியூ ஜெர்சி, லாங் ஐலண்டு கரைகளில் மே முதல் நவம்பர்த் தொடக்கம் வரை கிடைக்கும். கேப் காட் பக்கம் ஜூனில் வந்து அக்டோபரில் போய்விடும். வழக்கமாகப் பிடிபடுவது ஒன்று முதல் ஐந்து கிலோ. 1972 ஜனவரியில் அவுட்டர் பேங்ஸின் ஹாட்டராஸ் கடலில் பிடிபட்ட 14.4 கிலோ மீன்தான் இன்றும் உலகச் சாதனையாக நிற்கிறது.

இடம் தேடுவதில் கண்ணும் மூக்கும் உதவும். முகத்துவாரங்கள், மணல்திட்டை உரசி நீர் விரைந்தோடும் இடங்கள், கரையடியில் ஆழமாகக் குழிந்த ஓடைகள் ஆகியவற்றில் இரைமீன் ஒதுங்கும்; அதன் பின்னால் புளூஃபிஷ் வரும். ஓதம் ஏறினாலும் வற்றினாலும் சரி, நீர் ஓட வேண்டும். அசையாமல் நிற்கும் நேரம் பெரும்பாலும் வீண். விடியலும் அந்தியும் சிறந்தவை என்றாலும், கூட்டம் இரையை வளைத்துவிட்டால் உச்சிவெயிலிலும் கடி ஓயாது. ஆலாக்களும் கடற்காகங்களும் ஒரே இடத்தில் வட்டமிட்டு விழுந்து எழுவது தவறாத அடையாளம். காற்றில் தர்ப்பூசணி வெட்டியதுபோல் ஒரு வாசம் வருவதைப் பழகியவர்கள் சொல்வார்கள். கடிபட்ட இரைமீனின் எண்ணெய் நீர்மேல் வழவழப்பான படலமாகப் பரவும்போது எழும் வாசம் அது. வால் துண்டிக்கப்பட்ட மென்ஹேடன் மீன்கள் அலையில் ஒதுங்கிக் கிடந்தால் வேறு சாட்சி தேவையில்லை. மென்ஹேடன் மத்திக் குடும்பத்து மீன். அந்தக் கரையில் புளூஃபிஷுக்குச் சோறு அதுதான்.

கரையிலிருந்து வீச, ஒன்பது முதல் பத்தடி நீளக் கழியும் நடுத்தர ரீலும் போதும். பின்னல் நரம்பானால் 30 பவுண்டு, ஒற்றை நைலானானால் 20 பவுண்டு தாங்கும் வகை ஏற்றது. அதன் நுனியில் ஒரு சாண் நீள எஃகுக் கம்பியைக் கட்ட வேண்டும். இந்தக் கம்பியைத் தவிர்க்கவே கூடாது. சிலர் 60 பவுண்டுக்கு மேற்பட்ட தடித்த நைலானைக் கட்டுவதுண்டு. நாலைந்து மீனுக்குப் பின் அது நார்நாராகிவிடும் என்பதால் விரலால் தடவிப் பார்த்து அடிக்கடி மாற்ற வேண்டும். கம்பியை நரம்போடு சேர்க்கும் சுழலி கறுப்பாக இருப்பது நல்லது. பித்தளை மின்னும் சுழலியை இரை என்று நினைத்து அடுத்த மீன் கடிக்கும். மாட்டிய மீனும் பொய் இரையும் சேர்ந்து போகும்.

பொய் இரையில் அழகு பார்க்கத் தேவையில்லை. 30 முதல் 80 கிராம் எடையுள்ள உலோகத் தகடு தொலைவாகப் பாயும், காற்றை அறுக்கும், பல்லையும் தாங்கும். மரத்தாலான விலையுயர்ந்த மீன்பொம்மைகளை இந்த மீனிடம் கொடுப்பது, புதுச்சேலையை முள்வேலியில் காயப்போடுவது போன்றது. வரும்போதே மூன்று முள் சேர்ந்த கொக்கி பொருத்தப்பட்டிருந்தால் அதை எடுத்துவிட்டு ஒற்றை முள்ளை மாட்ட வேண்டும். முள்ளின் உள்பக்கம் பின்னோக்கி நிற்கும் சிறு கூரையும் குறட்டால் அமுக்கிவிடலாம். மீன் சற்றுக் கூடுதலாகத் தப்பும். ஆனால் துள்ளும் மீனின் வாயில் ஒரு முள்ளும், அதைப் பிடித்த கையில் மற்றொரு முள்ளும் ஏறும் விபத்து இராது.

வீசியதும் இழுப்பு வேகமாக இருக்க வேண்டும். மெதுவாக இழுத்தால் சந்தேகப்படும் மீன்கள் உண்டு. வேகத்தைக் கண்டு பின்வாங்கும் புளூஃபிஷ் அரிது. கூட்டத்தின் நடுவே வீசாமல் ஓரத்தில் வீசி இழுப்பது கூட்டத்தைக் கலைக்காது. மேல்நீரில் தண்ணீரைத் தெறித்தபடி வரும் பாப்பர் வகைப் பொய் இரையே இந்த வேட்டையில் கண்ணுக்கு விருந்து. அதில் ஒரு பிழை எல்லோரும் செய்வது: தண்ணீர் வெடித்ததும் கழியை வெடுக்கென இழுப்பது. புளூஃபிஷ் முதலில் இரையின் வாலை வெட்டி ஓட்டத்தை நிறுத்தும், பிறகுதான் விழுங்கவரும். முதல் வெடிப்பு அந்த வெட்டு. இழுப்பை நிறுத்தாமல், கையில் பாரம் தெரியும்வரை பொறுத்து, அப்போது கழியை உயர்த்த வேண்டும். ஒரு மீன் தவறவிட்டால் அதன் பின்னால் வரும் இரண்டாவதோ மூன்றாவதோ பிடித்துக்கொள்ளும்.

கூட்டம் கண்ணில் படாத நாளில் உண்மை இரைதான் வழி. மென்ஹேடன் அல்லது கானாங்கெளுத்தியை இரண்டு விரல் அகலத் துண்டுகளாக வெட்டி, நீண்ட தண்டுள்ள முள்ளில் கோத்து, ஈயத்தோடு அடியில் போடலாம். அவுட்டர் பேங்ஸில் முழுசான சிறு மடவையை முள்ளில் கோத்து, முள்ளருகே ஒரு வண்ணத் தக்கையையும் சேர்ப்பது வழக்கம். தக்கை இரையை நண்டுக்கு எட்டாத உயரத்தில் தூக்கிப் பிடிக்கும். வரிமீனாகிய ஸ்டிரைப்டு பாஸும் அதே நீரில் திரியும் வடபகுதியில், அதைக் குறிவைத்து இரை போடுவோர் வட்டமுள் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற விதி 2021 முதல் உண்டு. படகில் போவோர் நங்கூரமிட்டு, அரைத்த மென்ஹேடனைக் கரண்டி கரண்டியாக நீரோட்டத்தில் விட்டு மீனை அழைப்பார்கள். ஈயமில்லாத ஒரு துண்டு அந்தக் கலவையோடே மிதந்து போனால் போதும். கலவையை அள்ளி அள்ளி ஊற்றினால் மீன் வயிறு நிறைந்து போய்விடும்.

குழந்தைகளுக்கும் புதியவர்களுக்கும் தொடங்க உகந்தது குஞ்சு புளூஃபிஷ். தென்கடலில் வசந்தத்தில் பொரிந்த குஞ்சுகள் வளைகுடா நீரோட்டத்தோடு வடக்கே வந்து கழிமுகங்களில் வளர்கின்றன. ஜூலைக் கடைசி முதல் செப்டம்பர் வரை லாங் ஐலண்டு படகுத்துறைகளில் இவற்றை ஸ்னாப்பர் என்ற பெயரில் பிடிக்கிறார்கள். ஆறடிக் கழி, ஒரு தக்கை, தக்கைக்கு இரண்டடி கீழே நீண்ட தண்டுள்ள சிறு முள், அதில் நெத்திலி அளவு வெள்ளிமீன். தண்டு நீளமாக இருப்பதால் பல் நரம்பை எட்டாது, கம்பி தேவையில்லை. தக்கை ஒருமுறை குதித்தால் எண்ணிப் பொறுத்து, அது முழுதாக மூழ்கியதும் இழுக்க வேண்டும்.

மாட்டிய பெரிய மீன் ஓடும், பிறகு துள்ளித் தலையை உதறும். உலோகத் தகட்டின் எடையை வீசியே முள்ளைக் கழற்றிவிட அதற்குத் தெரியும். அந்த நேரத்தில் நரம்பு தொய்யக் கூடாது. கழியைத் தாழ்த்தி, இறுக்கம் விடாமல் சுற்ற வேண்டும். கரையடியில்தான் பல மீன்கள் தப்புகின்றன. திரும்பி ஓடும் அலைநீரை எதிர்த்து இழுத்தால் முள் வாயைக் கிழித்துக்கொண்டு வரும். பின்வாங்கும் நீரில் மீனை அப்படியே பிடித்து நிறுத்தி, அடுத்த அலை எழுந்ததும் அதன் முதுகில் ஏற்றிச் சுற்றினால் அலையே மீனை மணலில் போட்டுவிடும். ஈர மணலில் இன்னும் நாலடி மேலே இழுத்த பிறகே கிட்டே போக வேண்டும்.

முள் கழற்றும்போது அவசரம் ஆகாது. தண்ணீருக்கு வெளியேயும் இந்த மீன் குறிபார்த்துக் கடிக்கும். ஈரத்துணியைத் தலைமேல் போட்டு, செவுளுக்குப் பின்னால் பிடரியை ஒரு கையால் அழுத்திப் பிடித்து, மறுகையில் நீண்ட மூக்குக் குறட்டால் முள்ளின் தண்டைப் பற்றித் தலைகீழாகத் திருப்பினால் கழன்றுவிடும். வாய்க்குள் விரல் போவதற்கு எந்தக் காரணமும் கிடையாது. படகில் வெறுங்காலோடு நிற்பதும் கூடாது. இரை ஆழமாக விழுங்கப்பட்டிருந்தால் நரம்பை வெட்டிவிட்டு மீனை விடுவதே இருவருக்கும் நல்லது.

எத்தனை மீன் என்பதை வீசுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். கூட்டமாக வந்து எதையும் கடிக்கும் மீன் என்பதாலேயே இதை மட்டமாக எண்ணும் பழக்கம் அந்தக் கரையில் நெடுநாள் உண்டு. வரிமீனுக்குக் காத்திருப்பவர் இது மாட்டினால் முகம் சுளிப்பார்; மூட்டை மூட்டையாகப் பிடித்து, வாங்க ஆளின்றித் தோட்டத்தில் புதைத்தவர்களும் உண்டு. குறையாத மீன் என்ற நம்பிக்கை வரலாற்றுக்கு ஒவ்வாதது. நான்டக்கெட் தீவைச் சுற்றி ஏராளமாக இருந்த இது 1764-இல் மறைந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டு பிறந்த பிறகே திரும்பியது. 2019 மதிப்பீட்டில் இருப்பு எல்லைக்குக் கீழே போனது தெரிந்ததால், கரையில் நின்று பிடிப்போர் நாளொன்றுக்கு எடுக்கக்கூடிய எண்ணிக்கை 2020-இல் 15-இலிருந்து 3 ஆனது. விதி மாநிலத்துக்கு மாநிலம், ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் கிளம்பும் முன் அந்தந்த மாநில மீன்வளத் துறையின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எடுக்கும் மீனுக்குக் கரையிலேயே செய்ய வேண்டியது நிறைய. செவுளின் அடியை அறுத்து, கடல்நீர் வாளியில் தலைகீழாகச் சில நிமிடம் வைத்தால் இரத்தம் வடிந்துவிடும். உடனே குடல் நீக்கி, பனிக்கட்டியும் கடல்நீரும் கலந்த பெட்டியில் முழுக்க அமிழ்த்த வேண்டும். வெயிலில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் சேரும். சமைத்தாலும் அது போகாது, முகம் சிவந்து நாக்கு மிளகு கடித்ததுபோல் எரியும். இந்த மீன் நாறும் என்ற அவப்பெயரில் பாதி, பனிக்கட்டி இல்லாமல் போனவர்கள் வாங்கிக்கொடுத்தது.

வீட்டில் தோலை உரித்து, பக்கவாட்டில் ஓடும் கருஞ்சதைக் கோட்டை V வடிவத்தில் வெட்டி எடுத்துவிட்டால் நெடி வெகுவாகக் குறையும். எண்ணெய்ச் சத்துள்ள மீன் என்பதால் புளிப்பு இதற்குப் பொருந்தும். மத்திக்குப் புளி எதற்கோ, அங்கே எலுமிச்சையும் தக்காளியும் கடுகுச் சாந்தும் அதற்குத்தான். பெரிய மீன்களில் பாதரசமும் பிசிபி வகை ரசாயனமும் கூடுதலாகச் சேர்வதால், கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அவற்றைத் தவிர்க்கும்படி கரையோர மாநிலங்கள் அறிவுறுத்துகின்றன. இரண்டு கிலோவுக்கு உட்பட்டதே சுவையிலும் மேல். உறைபெட்டியில் இந்தச் சதை சீக்கிரம் காறிப்போகும். அன்றே தின்ன முடியாததை, லிட்டருக்கு 60 கிராம் உப்புக் கரைத்த நீரில் சில மணி நேரம் ஊறவைத்து, மேல்பரப்பு பளபளக்கும்வரை காற்றில் உலர்த்தி, ஆப்பிள் அல்லது ஹிக்கரி விறகின் புகையில் வாட்டி வைப்பதே அந்தக் கரையின் வழக்கம்.