பி.எச். மானி

எலுமிச்சைச் சாறு புளிப்புடையது என்பதை நா அறியும். அப்புளிப்பு எவ்வளவு என்று கேட்பின் நா விடை கூறாது. அமிலத்தில் லிட்மஸ் தாள் சிவக்கும், காரத்தில் நீலமாகும். எனினும் அளவை அதுவும் உணர்த்தாது.

அவ்வளவை எண்ணாற் குறிக்க வழி வகுத்தவர் சோரன்சன் என்னும் டென்மார்க்கு நாட்டு அறிஞர். கோபனேகன் நகரின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய அவர், 1909ஆம் ஆண்டில் பி.எச். என்னும் அளவுமுறையை அமைத்தார். 25 பாகை வெப்பநிலையில் தூய நீரின் அளவு 7, அது நடுநிலை. அதனிற் குறைந்தது அமிலம், மிகுந்தது காரம். ஓர் எண் குறையுந்தோறும் கரைசலில் ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு பத்து மடங்கு பெருகும். ஆதலின் எண்ணில் நேரும் சிறு பிழையும் பெருந்தீங்கு விளைக்கும். மனிதக் குருதியின் அளவு 7.35 முதல் 7.45 வரை நிற்றல் வேண்டும். அவ்வெல்லை கடப்பின் உடல்நலம் கெடும்.

முறை பிறந்தும் அளத்தல் எளிதாகவில்லை. கலிபோர்னியாவில் எலுமிச்சைச் சாறு கெடாதிருத்தற்பொருட்டு அதனுடன் கந்தக டைஆக்சைடு சேர்த்தனர். அது லிட்மஸின் நிறத்தையே வெளுத்துவிட்டது. இடர்ப்பட்ட வேதியியலார் ஒருவர் தம் நண்பர் ஆர்னால்டு பெக்மனை நாடினார். பெக்மன், கண்ணாடி மின்முனையில் எழும் நுண்ணிய மின்னழுத்தத்தை வெற்றிடக் குழல்களாற் பெருக்கிக் காட்டும் கருவியொன்றை 1934ஆம் ஆண்டில் அமைத்தார். இன்றைய பி.எச். மானிகளுக்கு அதுவே முன்னோடி.

நேர்மையுள்ள வணிகன் துலாக்கோலின் இரு தட்டும் ஒத்து நிற்றலை நோக்கிய பின்னரே பொருளை நிறுப்பான். அதுபோலவே, மானியைக் கையாள்வோர் முதற்கண் மானியையே சோதித்தல் வேண்டும். இதற்கெனத் தம் அளவில் எளிதில் மாறாத தாங்கற் கரைசல்கள் உள்ளன. முதலில் 7 அளவுள்ள கரைசலில் மின்முனையை அமிழ்த்தி, மானி காட்டும் எண்ணைச் சரிப்படுத்துவர். பின்னர், அமிலத்தை அளப்பதாயின் 4 அளவுள்ளதிலும், காரத்தை அளப்பதாயின் 10 அளவுள்ளதிலும் அவ்வாறே செய்வர்.

ஒரு கரைசலினின்று மற்றொன்றிற்கு மாற்றுமுன், மின்முனையைக் காய்ச்சி வடித்த நீராற் கழுவி, மென்தாளால் ஒற்றியெடுத்தல் வேண்டும், தேய்த்தலாகாது. அளக்கவேண்டிய கரைசலில் கண்ணாடிக் குமிழ் முழுதும் மூழ்க வைத்து, எண் அசையாது நின்றபின் குறித்தல் வேண்டும். வெப்பம் மாறின் அளவும் மாறுமாதலின், வெப்பநிலையையும் உடன் குறித்தல் முறை. பணி முடிந்தபின் மின்முனையை உலரவிடாது, பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வைத்துக் காப்பர்.

சோதிக்கப்படாத மானியும் தயங்காது ஓர் எண்ணைக் காட்டும். அது பிழையாயின் பிழையென்று தானே சொல்லாது. அவ்வெண்ணை நம்பி மருந்து செய்வோரும் குடிநீர் காப்போரும் உளர். ஆதலின் அளப்பவரின் பொறுமையே அவ்வெண்ணின் உண்மைக்குக் காவலாகும்.