குறைந்த செலவில் கணினி அசெம்பிள் செய்ய: மதர்போர்டு தேர்வுக்கு முழுமையான வழிகாட்டி

சொந்தமாகக் கணினி அசெம்பிள் செய்ய நினைப்பவர்கள் பிராசஸருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் பணத்தை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் மதர்போர்டைப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். விலை உயர்ந்த போர்டு வாங்கினால் வேகம் பெரிதாகக் கூடாது என்பது உண்மைதான். ஆனால் இன்று எதைப் பொருத்தலாம், சில ஆண்டுகள் கழித்து எதைச் சேர்க்கலாம் என்பதை முடிவு செய்வது மதர்போர்டுதான். அதனால் ஒரே ஒரு விதியை மனதில் வையுங்கள்: பிறகு தனியாக வாங்கிச் சேர்க்கக்கூடியதற்கு இப்போதே பணம் கொடுக்காதீர்கள், பிறகு சேர்க்கவே முடியாததில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

படி 1: பிராசஸரை முடிவு செய்து சாக்கெட்டைப் பாருங்கள்

பிராசஸர் உட்காரும் இடம்தான் சாக்கெட். ஒன்றுக்கான பிராசஸர் இன்னொன்றில் உட்காராது. பட்ஜெட்டில் வாங்குபவர்கள் முக்கியமாகப் பார்க்கவேண்டியவை மூன்று:

- ஏஎம்4: ரைசன் 5 5600, 5600ஜி போன்றவை. டிடிஆர்4 ராம் மட்டும்.
- எல்ஜிஏ1700: இன்டெல் 12, 13, 14ஆம் தலைமுறை. போர்டைப் பொறுத்து டிடிஆர்4 அல்லது டிடிஆர்5.
- ஏஎம்5: 2022இல் வந்தது. ரைசன் 7000, 8000, 9000 வரிசைகள். டிடிஆர்5 மட்டும்.

எல்ஜிஏ1700க்குப் பிறகு இன்டெல் வேறு சாக்கெட்டுக்குப் போய்விட்டது. ஏஎம்4இன் காலமும் முடியும் கட்டத்தில் இருக்கிறது. வாங்கியதை அப்படியே பல ஆண்டுகள் ஓட்டப் போகிறவருக்கு இவை இரண்டுமே நல்ல தேர்வு. போர்டை வைத்துக்கொண்டு பிராசஸரை மட்டும் மாற்ற நினைப்பவர் ஏஎம்5 பக்கம் போவது நல்லது. அதற்கு 2027 வரையாவது ஆதரவு தருவதாக ஏஎம்டி அறிவித்திருக்கிறது.

போர்டின் விலையை மட்டும் ஒப்பிடாதீர்கள். பிராசஸர், போர்டு, ராம் மூன்றையும் கூட்டி ஒப்பிடுங்கள். போர்டில் மிச்சமாகும் பணம் ராமில் போய்விடலாம்.

படி 2: தேவைக்கு ஏற்ற சிப்செட்

போர்டு என்னென்ன வசதிகளைத் தரும் என்பதைத் தீர்மானிப்பது சிப்செட். ஏஎம்4இல் ஏ520, பி550 இரண்டும் பரவலாகக் கிடைக்கின்றன. கிராபிக்ஸ் கார்டும் எஸ்எஸ்டியும் தரவை அனுப்பும் பாதையான பிசிஐஇ, ஏ520இல் 3.0 மட்டும்தான். பி550 கிராபிக்ஸ் கார்டுக்கும், எஸ்எஸ்டி பொருத்தும் முதல் எம்.2 ஸ்லாட்டுக்கும் பிசிஐஇ 4.0 தரும். பட்ஜெட் கார்டுகளில்தான் இந்த வித்தியாசம் தெரியும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நான்கு பிசிஐஇ லேன்களை மட்டுமே பயன்படுத்துவதால், 3.0 போர்டில் போட்டால் பல விளையாட்டுகளில் வேகம் குறைகிறது. ஆனால் ரைசன் 5500, 5600ஜி இரண்டும் 3.0 பிராசஸர்கள்தான், இதற்காக மட்டும் அவற்றோடு பி550 வாங்குவதில் பயனில்லை.

இன்டெலில் எச்610 போர்டில் ராம் ஸ்லாட் இரண்டுதான். டிடிஆர்4 ராம் 3200க்கு மேல் ஓடாது. வீடு, அலுவலக வேலைக்கு அது போதும். பி760 போர்டில் ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டலாம், பெரும்பாலும் ஸ்லாட்களும் அதிகம். இசட்790 போன்றவை ஓவர்கிளாக் செய்யக்கூடிய 'கே' பிராசஸர்களுக்கானவை; பட்ஜெட் கணினிக்குத் தேவையில்லை.

படி 3: ராம் ஸ்லாட்களை எண்ணுங்கள்

16 ஜிபி வேண்டுமென்றால் 8 ஜிபி இரண்டாக வாங்குங்கள். இரண்டு சேனலும் வேலை செய்யும். கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் 5600ஜி போன்றவற்றை நம்பி விளையாடுபவருக்கு இதனால் நல்ல பலன் உண்டு. ஆனால் இரண்டு ஸ்லாட் போர்டு அதிலேயே நிரம்பிவிடும். பிறகு கூட்ட வேண்டுமென்றால் பழையதைக் கழற்ற வேண்டும். ராமைப் பிறகு கூட்டும் எண்ணம் இருந்தால் நான்கு ஸ்லாட் போர்டையே வாங்குங்கள்.

படி 4: மின்சாரப் பகுதியைச் சோதியுங்கள்

எஸ்எம்பிஎஸ் தரும் 12 வோல்ட்டைப் பிராசஸருக்கு ஏற்றபடி ஒரு வோல்ட் அளவுக்குக் குறைப்பது விஆர்எம் பகுதி. சாக்கெட்டை ஒட்டியிருக்கும் இது சூடேறினால் பிராசஸர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 65 வாட் பிராசஸருக்குச் சாதாரண போர்டு போதும். எட்டு கோர் பிராசஸர் என்றாலோ, ஏசி இல்லாத அறையில் கோடையிலும் மணிக்கணக்கில் வீடியோ ரெண்டர் செய்வதென்றாலோ, விஆர்எம் மேல் ஹீட்சிங்க் உள்ள போர்டையே வாங்குங்கள்.

படி 5: ஸ்லாட்களும் போர்ட்களும்

முடிந்தால் எம்.2 ஸ்லாட் குறைந்தது இரண்டு இருக்கட்டும். சில போர்டுகளில் ஒரு எம்.2 ஸ்லாட்டைப் பயன்படுத்தினால் ஒரு சாட்டா போர்ட் வேலை செய்யாது, மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஐ5-12400எஃப் போன்ற 'எஃப்' பிராசஸர்களிலும், ரைசன் 5 5600இலும் உள் கிராபிக்ஸ் கிடையாது. அவற்றோடு போர்டின் எச்டிஎம்ஐயில் மானிட்டரைச் செருகினால் படம் வராது.

வைஃபை, ப்ளூடூத், நல்ல ஒலி ஆகியவற்றைச் சிறிய யுஎஸ்பி கருவி வாங்கிப் பிறகு சேர்க்கலாம். வண்ண விளக்குகளுக்குப் பணம் வேண்டாம்.

படி 6: அளவு

ஏடிஎக்ஸ் 305 × 244 மி.மீ., மைக்ரோ ஏடிஎக்ஸ் 244 × 244 மி.மீ., மினி ஐடிஎக்ஸ் 170 × 170 மி.மீ. பட்ஜெட்டுக்கு மைக்ரோ ஏடிஎக்ஸ்தான் சரி. மினி ஐடிஎக்ஸ் சிறியதென்றாலும் விலை பெரும்பாலும் அதிகம். கேபினட் எந்த அளவை ஏற்கும் என்பதையும் பாருங்கள்.

படி 7: பயோஸ் பதிப்பு

கணினியைத் தொடங்கிவைக்கும், போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள்தான் பயோஸ். அது பழையதென்றால் புதிய பிராசஸரை அடையாளம் காணாது. கடையில் வெகுநாள் இருந்த, ஏஎம்4க்கான பி450 போர்டில் ரைசன் 5000 பிராசஸரைப் போட்டால் கணினி ஆன் ஆகாமல் போகலாம். பழைய இருப்பான எச்610, பி660 போர்டுகளில் 14ஆம் தலைமுறை பிராசஸருக்கும் இதே சிக்கல் வரலாம். தயாரிப்பாளரின் இணையதளத்தில் உங்கள் பிராசஸருக்கு எந்தப் பயோஸ் பதிப்பு வேண்டும் என்று பட்டியல் இருக்கும். கடைக்காரரிடமே அப்டேட் செய்து தரச் சொல்லுங்கள், அல்லது பிராசஸர் இல்லாமலேயே அப்டேட் செய்யும் ஃபிளாஷ்பேக் வசதியுள்ள போர்டாக வாங்குங்கள்.

படி 8: வாங்கும்போது

சென்னை ரிச்சி தெருவோ, இணையக் கடையோ, ஜிஎஸ்டி பில் கட்டாயம் வாங்குங்கள். பெட்டியிலும் போர்டிலும் ஒரே வரிசை எண் இருக்கிறதா என்று சரிபாருங்கள். எல்ஜிஏ1700, ஏஎம்5 போர்டுகளில் பின்கள் சாக்கெட்டிலேயே இருக்கும். ஒன்று வளைந்திருந்தாலும் வாரண்டி கிடைப்பது கடினம், கடையிலேயே பார்த்துவிடுங்கள். சாக்கெட்டை மூடியிருக்கும் பிளாஸ்டிக் மூடியைத் தூக்கிப் போடாதீர்கள். போர்டைச் சர்வீசுக்கு அனுப்பும்போது தேவைப்படும்.

மூன்று மாதிரித் தேர்வுகள்

- வீடு, படிப்பு, அலுவலக வேலை: உள் கிராபிக்ஸ் உள்ள ஐ3-12100, எச்610.
- 1080பி விளையாட்டு: ரைசன் 5 5600, நான்கு ராம் ஸ்லாட் உள்ள மைக்ரோ ஏடிஎக்ஸ் பி550.
- எடிட்டிங், பிறகு பிராசஸரை மாற்றும் எண்ணம்: ரைசன் 5 7600, விஆர்எம் ஹீட்சிங்க் உள்ள ஏஎம்5 போர்டான பி650.

எது உங்கள் தேவையோ, அதற்குரிய போர்டின் விவரப் பக்கத்தை இந்த எட்டுப் படிகளோடு ஒருமுறை ஒப்பிட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். சாக்கெட், சிப்செட், ராம் வகையும் ஸ்லாட்டும், எம்.2 ஸ்லாட், விஆர்எம் ஆகியவை சரியாக இருந்தால், மற்ற குறைகளில் பெரும்பாலானவற்றைக் கையில் பணம் சேரும்போது சரிசெய்துகொள்ளலாம்.