ஒரு தங்கமா, இரண்டு தங்கமா?

பிள்ளைகளே, போன வாரம் நம் வகுப்பில் திருக்குறள் போட்டிக்குப் பயிற்சி நடந்தது. "முதல் பரிசு ஒண்ணே ஒண்ணுதான்" என்றேன். உடனே இரண்டு பேர் விழுந்து விழுந்து படிக்க ஆரம்பித்தார்கள். ஒரு தம்பி மட்டும், "எனக்கு எப்படியும் கிடைக்காது அங்கிள்" என்று புத்தகத்தை மூடிவிட்டான். அவனுக்கு இருபது குறள் தெரியும்!

பரிசு குறைந்தால் முயற்சி கூடுமா, குறையுமா? உயரம் தாண்டும் வீரர்களிடம் பார்ப்போம், வாங்க.

இத்தாலி வீரர் தம்பேரிக்கு 2016-இல், ரியோ ஒலிம்பிக்கிற்குச் சில வாரங்களுக்கு முன், கணுக்காலில் அடிபட்டது. போட்டிக்குப் போக முடியவில்லை. அடுத்த ஒலிம்பிக்கிற்கு நான்கு வருடம் காத்திருக்கணும். அவர் தன் மாவுக்கட்டில் 'டோக்கியோவுக்குப் போகும் பாதை' என்று எழுதிப் பத்திரமாக வைத்துக்கொண்டார். (எங்க அம்மாவா இருந்தா அதைக் குப்பையில போட்டிருப்பாங்க.) 2021-இல் அந்தக் கட்டை டோக்கியோ மைதானத்துக்கே எடுத்து வந்தார்.

அங்கே அவரும் கத்தார் வீரர் பர்ஷிமும் 2.37 மீட்டர் வரை ஒருமுறைகூடத் தவறாமல் தாண்டினார்கள். 2.39 மீட்டரில் ஆளுக்கு மூன்று முறை முயன்றும் முடியவில்லை. "முடிவு தெரியும்வரை தொடர்ந்து தாண்டலாம்" என்றார் நடுவர். இரண்டு தங்கம் தர முடியுமா என்று பர்ஷிம் கேட்டார். முடியும்! இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பெலாரஸ் வீரர் ஒருவரும் அதே 2.37 மீட்டரைத் தாண்டியிருந்தார். ஆனால் இடையில் தவறியதால் அவருக்கு வெண்கலம்தான்.

2024, பாரிஸ். நியூசிலாந்தின் கெர், அமெரிக்காவின் மெக்யூன் இருவரும் 2.36 மீட்டரில் சமம். இவர்கள் தங்கத்தைப் பகிரவில்லை, தொடர்ந்து தாண்டினார்கள். உடம்பு களைத்துவிட்டது. கம்பியை இறக்கிக்கொண்டே வந்தார்கள். கடைசியில் 2.34 மீட்டரில் கெர் ஜெயித்தார். அதாவது, இருவரும் முன்பே தாண்டிய உயரத்தைவிட 2 சென்டிமீட்டர் குறைவு!

ஒரே தங்கம் என்பதால் யாரும் இன்னும் உயரமாகத் தாண்டிவிடவில்லை. ஆனால் ஜெயித்ததும் கெர் புல்வெளி முழுக்க ஓடினாரே, அந்த ஓட்டத்தைப் பார்த்த பிறகு, 'பகிர்ந்திருக்கலாமே' என்று சொல்ல எனக்கு மனசு வரல.

பேசிப் பார்ப்போம்

1. தம்பேரி மாவுக்கட்டை ஏன் தூக்கிப் போடவில்லை?
2. கெர் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்?
3. புத்தகத்தை மூடிய தம்பி மறுபடி திறக்கணும். நம் குறள் போட்டிக்கு எத்தனை பரிசு வைக்கலாம்? வீட்டில் பேசி, ஐந்து வரி எழுதி வாருங்கள்.