பஞ்சுவின் மூச்சு

அன்புள்ள காளஹஸ்தி வாசகிக்கு,

பெயரையும் தெருவையும் போட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள். ஊரை மட்டும் சொல்லிக்கொள்கிறேன், கோவிக்க மாட்டீர்கள். பஞ்சு என்கிற உங்கள் வீட்டு வெள்ளை எலி இரண்டு வாரமாகக் ‘கிர்ர், கிர்ர்’ என்று மூச்சு விடுகிறது, மூக்கைச் சுற்றிச் சிவப்பாகக் கசிகிறது, அதைப் பார்த்துப் பையன் “அம்மா, நெத்துரு (ரத்தம்)!” என்று அலறிவிட்டான், எலிக்கெல்லாம் வைத்தியமா என்று வீட்டில் சிரிக்கிறார்கள். இத்தனையும் எழுதிவிட்டு, போன மாதம் பையனுக்கு வாங்கிய அமாக்சிசிலின் சிரப் கொஞ்சம் மிச்சமிருக்கிறது, இரண்டு சொட்டு கொடுக்கலாமா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள்.

கொடுக்காதீர்கள். மற்றதைப் பிறகு நிதானமாகப் படித்துக்கொள்ளலாம்.

நான் கொடுத்துப் பார்த்தவன். என் முதல் எலி மல்லிக்கு இதே சத்தம் வந்தபோது, தெருமுனை மருந்துக் கடையில் கேட்டு அதே சிரப்பைத்தான் வாங்கினேன். பத்து நாள், வேளை தவறாமல் கொடுத்தேன். சத்தம் நிற்கவில்லை, மல்லிதான் நின்றுபோனாள். அளவு குறைவோ என்று வெகுநாள் மனசை அரித்துக்கொண்டிருந்தது. அளவில் தப்பில்லை, மருந்தே தப்பு என்று பின்னால்தான் தெரிந்தது.

எலிகளின் நெஞ்சில் குடியிருக்கும் முக்கியமான கிருமிக்கு மைக்கோபிளாஸ்மா பல்மோனிஸ் என்று பெயர். மற்ற பெரும்பாலான பாக்டீரியாக்களுக்கு உடம்பைச் சுற்றிக் கெட்டியாக ஒரு சுவர் உண்டு. பெனிசிலினும் அதன் தங்கையான அமாக்சிசிலினும் அந்தச் சுவரைக் கட்ட விடாமல் செய்துதான் கிருமியைக் கொல்கின்றன. மைக்கோபிளாஸ்மாவுக்குச் சுவரே கிடையாது. அப்புறம் எதைத் தடுப்பது? இதோடு கூடச் சேர்ந்துகொள்ளும் வேறு கிருமிகளுக்காக மருத்துவர் அமாக்சிசிலினையும் எழுதினால் எழுதட்டும், அது அவர் கணக்கு.

நோயுற்ற எலி நுரையீரலில் இந்த வகைக் கிருமி இருப்பதை 1937-இல் எழுதியவர்களில் ஒருவர் எம்மி கிளீனபெர்கர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியை விட்டு லண்டன் லிஸ்டர் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்த யூத வம்சாவளிப் பெண்மணி. பரிசோதனைக் கூடங்களில் எலிகள் இருமி இருமி ஆராய்ச்சியையே கெடுத்ததால்தான் எலி நெஞ்சைப் பற்றி இவ்வளவு படித்தார்கள். செல்லமாக வளர்ப்பவர்களுக்காக யாரும் மெனக்கெடவில்லை. ஆனாலும் பலன் நமக்கும் வந்து சேர்ந்தது.

அந்தச் சிவப்பு ரத்தமில்லை என்று பையனிடம் சொல்லுங்கள். எலிக்குக் கண்ணுக்குப் பின்னால் ஒரு சுரப்பி இருக்கிறது. போர்ஃபைரின் என்கிற சிவப்பு நிறமி அதிலிருந்து கண்ணீரோடு வரும். நன்றாக இருக்கும் எலி முகத்தைக் கழுவிக் கழுவித் துடைத்துவிடும். உடம்புக்கு முடியாதபோது துடைக்கத் தெம்பில்லாமல் விட்டுவிடுகிறது, நம் கண்ணில் படுகிறது. ஈரப் பஞ்சில் ஒற்றி எடுத்தால் போதும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பஞ்சுவின் இந்த நெஞ்சு நோய் வந்து போகும் சளியில்லை. கடையில் வாங்கும் எலிகளில் பெரும்பாலானவை தாயிடமிருந்தே இதைக் கொண்டுவருகின்றன. ஆயுசுக்கும் கூடவே இருக்கும். மருந்து அடக்கும், விரட்டாது. எலியின் ஆயுள் இரண்டு, மிஞ்சினால் மூன்று வருஷம். அதில் அவ்வப்போது இந்தச் சத்தம் தலைகாட்டும், அடக்க வேண்டியதுதான். உங்கள் பையனுக்கு ஒட்டுமோ என்ற பயம் வேண்டாம். இந்தக் கிருமியை மனிதருக்குத் தொற்றும் நோயாக மருத்துவர்கள் கருதுவதில்லை.

வழக்கமாக எழுதும் மருந்து டாக்சிசைக்ளின், அல்லது என்ரோஃப்ளாக்ஸசின், பல சமயம் இரண்டும் சேர்த்து. டாக்சிசைக்ளின் ஒரு கிலோ எடைக்கு 5 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை என்பது புத்தகக் கணக்கு. 300 கிராம் எலிக்கு ஒரு வேளைக்கு ஒன்றரை மில்லிகிராம் வருகிறது. கடையில் கிடைப்பதோ 100 மில்லிகிராம் கேப்ஸ்யூல். அதைப் பிரித்து, சிட்டிகை எடுத்து, கண்ணளவில் போடுகிற வேலையெல்லாம் கூடாது. எடையைப் பார்த்து மருத்துவரே கரைசலாக்கித் தரட்டும். சத்தம் நாலு நாளில் நின்றாலும் சொன்ன இரண்டு மூன்று வாரமும் முடிக்க வேண்டும்.

இங்கேதான் நம் வீட்டுச் சமையல் குறுக்கே வரும். கசப்பு மருந்தென்றால் நமக்குக் கை தானாகப் பாலுக்கோ தயிருக்கோ போகும். இந்த இரண்டு மருந்தையுமே கால்சியம் பிடித்துவைத்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது. உங்கள் பக்கத்து ராகி சங்கட்டியிலும் கால்சியம் ஏராளம். ஆகவே மருந்து வேளையில் மூன்றுமே வேண்டாம். நன்றாகக் கனிந்த வாழைப்பழத்தில் பட்டாணி அளவு மசித்து, மருந்தை அதில் விட்டு, முதலில் வெறும் பழத்தைக் காட்டி ஆசை காட்டிவிட்டு இதை நீட்டுங்கள். ஊசியில்லாத சிரிஞ்சில் கொடுப்பதானால் வாயின் ஓரமாக, சொட்டுச் சொட்டாக. மல்லாக்கப் போட்டுப் பீய்ச்சினால் புரையேறி நெஞ்சுக்குள்ளேயே போய்விடும்.

மருந்தைப் போலவே காற்றும் முக்கியம். வாயுத் தலத்துக்காரரிடம் போய் நான் காற்றைப் பற்றிப் பேசுகிறேன் பாருங்கள்! வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி, கொசுவர்த்திச் சுருள், ஊதுபத்தி எதுவும் பஞ்சு இருக்கும் அறையில் வேண்டாம். கூண்டில் மூத்திர நாற்றம் நம் மூக்குக்கு எட்டினால், தரையை ஒட்டிப் படுத்திருக்கும் அவளுக்கு அது எத்தனை மடங்கு இருக்கும்! அந்த நாற்றத்திலுள்ள அம்மோனியாதான் நெஞ்சைப் புண்ணாக்கிக் கிருமிக்கு வழிவிடுகிறது. வாசனையான பைன் மரத்தூளையும் எடுத்துவிடுங்கள். வெள்ளைப் பருத்தித் துணியோ கிழித்த காகிதமோ போதும், அடிக்கடி மாற்றுங்கள்.

திருப்பதி உங்களுக்குப் பக்கம்தான். அங்கே 1955-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முதலில் போன் செய்து, எலி போன்ற சிறு பிராணிகளை யார் பார்ப்பார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெயிலுக்கு முன் முதல் பஸ். காற்றோட்டமுள்ள சின்னக் கூண்டு, மேலே துணி, உள்ளே ஒரு துண்டு வெள்ளரிக்காய். எலி மூக்கால் மட்டுமே மூச்சு விடும் பிராணி. அவள் வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, விலா உள்ளே உள்ளே ஒட்டினாலோ, பாதமும் வாலும் நீலம் பாய்ந்தாலோ, அன்றைக்குப் பஸ்ஸுக்குக் காத்திராமல் ஆட்டோவோ காரோ பிடியுங்கள்.

மல்லிக்குப் பின் வந்தவள் குந்துமணி. அவளுக்கும் எட்டாம் மாதமே சத்தம் வந்தது. இந்த முறை ஒழுங்கான மருந்து. ராத்திரி அவளைக் காதோடு வைத்துக் கேட்பேன். சத்தமில்லாத நாளில் மீசை மட்டும் குறுகுறுக்கும். ஞாயிற்றுக்கிழமைதோறும் சமையலறைத் தராசில் நிறுத்தி, காலண்டர் தாளில் குறித்து வைப்பேன். எடை இறங்கினால் இரண்டு மூன்று நாளில் சத்தம் வரும் என்பது அந்தத் தாள்களைப் பார்த்துத்தான் புரிந்தது. இரண்டரை வருஷம் இருந்தாள்.

பஞ்சுவின் எடையை நீங்கள் எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பத்தி எழுத்தாளன்