சட்டியில் சத்தம் நிற்பதில்லை

கோழித் துண்டுகளை முதலில் சூடான எண்ணெயில் வறுத்தெடுத்தால் மேல்பக்கம் இறுகி அடைத்துக்கொள்ளும், உள்ளே இருக்கும் சாறு வெளியேறாது என்று சமையல் வகுப்புகளில் இன்றும் சொல்லித் தருகிறார்கள். 1847இல் ஜெர்மானிய வேதியியலாளர் யுஸ்டுஸ் ஃபான் லீபிக் பரப்பிய கருத்து இது. அவருக்கு இருந்த செல்வாக்கால் அப்படியே நிலைத்துவிட்டது. இதைச் சோதித்துப் பார்க்க ஆய்வகம் வேண்டாம், காது போதும். துண்டைச் சட்டியில் போட்டதும் எழுகிற 'சுர்' சத்தம், இறைச்சியின் தண்ணீர் எண்ணெயில் பட்டு ஆவியாகும் சத்தம். நன்றாகச் சிவந்த பிறகும் அது ஓய்வதில்லை. அடைப்பு விழுந்திருந்தால் ஓய்ந்திருக்க வேண்டும்.

ஆனாலும் வறுக்கத்தான் வேண்டும், காரணம்தான் வேறு. சுமார் 140 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது இறைச்சியின் புரதக் கூறுகளும் சர்க்கரையும் வேகமாக வினைபுரிந்து, வறுத்த கோழிக்கே உரிய மணத்தை உண்டாக்குகின்றன. 1912இல் இதை விவரித்த பிரெஞ்சுக்காரர் லூயி கமீல் மய்யாரின் பெயரால் இது மய்யார் வினை எனப்படுகிறது. தக்காளிச் சாற்றில் கொதிக்கும் கோழி 100 டிகிரியிலேயே நின்றுவிடும். பிறகு எவ்வளவு நேரம் கொதித்தாலும் அந்த மணம் வராது. முதல் பத்து நிமிடத்தில் வாங்கினால்தான் உண்டு. அதனால் துண்டுகளின் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள். நாலைந்தாகப் போடுங்கள். சட்டி நிறையப் போட்டால் தண்ணீர் விட்டுக்கொண்டு வெந்துபோகுமே தவிர வறுபடாது. அடியில் பிடித்த பழுப்புப் பொருக்கைக் கழுவிக் கொட்டிவிடாதீர்கள். குழம்பின் ருசியில் பாதி அதில்தான் இருக்கிறது.

நான் சொல்லிக்கொண்டிருப்பது 'போல்லோ அல்லா காச்சத்தோரா' என்ற இத்தாலிய வேட்டைக்காரர் பாணிக் கோழியைப் பற்றி. குடைமிளகாய், காளான், ஆரிகானோ, மேலே துருவிய சீஸ் எல்லாம் இருந்தால்தான் அது அசல் என்ற நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. 1891இல் முதன்முதலாக வெளிவந்து இத்தாலிய வீடுகளின் சமையல் வேதமாகவே ஆகிவிட்ட பெல்லக்ரீனோ அர்த்தூசியின் புத்தகத்தில் உள்ள முறையைப் பாருங்கள்: வெங்காயம், கோழி, உப்பு, மிளகு, அரை டம்ளர் சிவப்பு ஒயின், கொஞ்சம் தக்காளிச் சாறு. அவ்வளவுதான். நடு இத்தாலியில் தக்காளியே சேர்க்காமல் பூண்டு, ரோஸ்மேரி, வினிகர் போட்டுச் செய்கிற வகையும் உண்டு. தக்காளியே 16ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வந்த பயிர்தான். காளானும் குடைமிளகாயும் அவரவர் விருப்பம். கோழிமேல் சீஸ் உருக்கும் 'சிக்கன் பார்மஜான்' அமெரிக்காவில் குடியேறிய இத்தாலியர்கள் உருவாக்கியது. காச்சத்தோராவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. காச்சத்தோராவைப் பாஸ்தாமேல் ஊற்றுவதும் இத்தாலியில் வழக்கமில்லை. ரொட்டியோடு, அல்லது மக்காச்சோள மாவுக் களியான பொலெந்தாவோடு சாப்பிடுவார்கள். ரோஸ்மேரிக்கு இறக்குமதிக் கடைக்கு ஓட வேண்டாம். நீலகிரியில் விளைகிறது.

ஒயின் விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். "கொதித்தால் ஆல்கஹால் முழுக்கப் பறந்துவிடும்" என்று சொல்லி விருந்தாளிக்குப் பரிமாறுகிறவர்கள் உண்டு. அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணைப்படி, குழம்பில் கலந்து 30 நிமிடம் கொதித்த பிறகும் சுமார் 35 சதவீதம் மிஞ்சுகிறது; ஒரு மணி நேரத்துக்குப் பிறகு 25 சதவீதம். மதத்தாலோ உடல்நிலையாலோ மதுவைத் தவிர்ப்பவர்களிடம் சொல்லாமல் பரிமாறுவது தவறு. ஒரு கரண்டி வினிகரும் எலும்பு வேகவைத்த சாறும் சேர்த்தால் ஒயின் இல்லாமலே இந்த உணவு நன்றாக வரும்.

வெசூவியஸ் எரிமலைப் பக்கத்தில் விளையும் சான் மார்சானோ தக்காளி டின் இல்லாமல் இத்தாலியச் சமையலே இல்லை என்பது ஒரு கட்சி. டின் என்றாலே மட்டம் என்பது எதிர்க்கட்சி. டின்னில் அடைக்கும் தக்காளி செடியிலேயே நன்கு பழுத்தது. பல இத்தாலியக் குடும்பங்கள் கோடையில் தாங்களே தக்காளியை வேகவைத்துப் புட்டியில் அடைத்து வைக்கின்றன. நம் சந்தையில் நாட்டுத் தக்காளிக்குப் புளிப்பும் சாறும் கூடுதல், பெங்களூர்த் தக்காளிக்குச் சதை கூடுதல். நன்றாகப் பழுத்ததாகப் பார்த்து இரண்டையும் பாதிப் பாதி எடுத்தால் போதும். புளிப்பை முறிக்கச் சர்க்கரை போடுகிறவர்களுக்கு ஒன்று: சர்க்கரை அமிலத்தைக் குறைப்பதில்லை, நாக்குக்கு மறைத்துக் காட்டுகிறது. மெல்லிய தீயில் இருபது நிமிடம் வதங்கிய வெங்காயமே வேண்டிய இனிப்பைத் தந்துவிடும்.

அந்த வெங்காயத்தைப் பற்றி நம் வீடுகளில் சொல்லும் ஒன்று முழுக்க உண்மை. வெங்காயம் வதங்கும் முன் தக்காளியைப் போட்டால் அப்புறம் அது லேசில் வேகாது. காய்கறியின் செல்சுவர்களைப் பிணைத்து வைத்திருக்கும் பெக்டின் போன்ற பொருள்கள் அமிலத்தில் எளிதில் கரைவதில்லை என்பதே காரணம். சமைத்தால் தக்காளியின் சத்தெல்லாம் போய்விடும் என்பதோ பாதி உண்மைதான். வைட்டமின் சி குறையும். ஆனால் சிவப்பு நிறம் தரும் லைகோபீனை, சமைக்காத தக்காளியைவிட எண்ணெயோடு வெந்த தக்காளியிலிருந்தே உடல் நன்றாக எடுத்துக்கொள்கிறது.

மஞ்சளும் உப்பும் போட்டுக் கழுவினால் கோழியில் கிருமி போய்விடும் என்பதும் சரியல்ல. வாடை குறையலாம், கிருமியைக் கொல்வது சூடுதான். குழாயடியில் கழுவும்போது தெறிக்கும் துளிகள் கேம்பிலோபேக்டர் போன்ற கிருமிகளைத் தொட்டியிலும் பக்கத்தில் இருக்கும் தட்டிலும் பரப்பும். அதனால்தான் பிரிட்டனின் உணவுத் தர முகமை 2014இல் கோழியைக் கழுவவே வேண்டாம் என்று பிரசாரம் செய்தது. இறகும் ரத்தமும் ஒட்டிவரும் நம் கடைக் கோழிக்கு அது முழுக்கப் பொருந்தாதுதான். குழாயைத் திறந்துவிடாமல் பாத்திரத் தண்ணீரில் அலசி, உடனே தொட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடுங்கள்.

வெந்துவிட்டதா என்று நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. இளங்கோழியின் எலும்போரம் நன்றாக வெந்த பிறகும் சிவந்திருக்கலாம். வெளுத்துப்போன சதை வேகாமலும் இருக்கலாம். உள்ளே 74 டிகிரி எட்டினால் பாதுகாப்பு. நெஞ்சுக்கறியை அத்துடன் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் நாராகிவிடும். தொடையையும் காலையும் இன்னும் கால் மணி நேரம் குழம்பிலேயே விடுங்கள். அவற்றில் இருக்கும் சவ்வு 80 டிகிரிக்கு மேல் மெல்லக் கரைந்துதான் குழம்புக்கு அந்தக் கொழகொழப்பு வரும்.