அடகு வாங்கக் கூடாத கல்



திரிகைக்கல்லை ஒருவரும் அடகாக வாங்கக் கூடாது என்று உபாகமம் 24:6 கட்டளையிடுகிறது. நாம் பலமுறை வாசித்துக் கடந்துபோன வசனம் இது. பூர்வகால யூதரின் வீட்டுச் சமையலை அறிந்தால் இதன் ஆழம் விளங்கும்.

1. அன்றாட அப்பம்

அக்காலத்துப் பெண்கள் வீட்டுக்குத் தேவையான தானியத்தை அன்றாடம் அரைத்தார்கள். மாவைப் பிசைந்து, புளிக்க வைத்து, களிமண் அடுப்பின் உட்சுவரில் தட்டிச் சுட்டார்கள். காய்ந்த புல்லும் வறட்டியும் விறகாயின. கல் ஓடாத நாளில் அப்பம் இல்லை. ஆகவேதான் திரிகையின் சத்தம் ஓய்வதை எரேமியா (25:10) தேசத்தின் அழிவுக்கு அடையாளமாகக் கூறுகிறார். கல்லை அடகாக வாங்குகிறவன் அந்த வீட்டாரின் ஜீவனையே வாங்குகிறான்.

2. எளியவரின் ஆகாரம்

கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் யூதச் சட்டநூல், பிறர் மூலமாக மனைவியைப் பராமரிக்கும் கணவன் வாரந்தோறும் கொடுக்கவேண்டிய குறைந்தபட்ச அளவைச் சொல்லுகிறது. கோதுமையானால் 2 கப், வாற்கோதுமையானால் 4 கப். (கப் என்பது ஒரு முகத்தல் அளவு.) அதோடு அரை கப் பயறு, சிறிது ஒலிவ எண்ணெய், 1 கப் உலர்ந்த அத்திப்பழம். இந்தப் பட்டியலில் மாம்சம் இல்லை. வாற்கோதுமை மலிவானது, ஏழைகளின் தானியம். ஒரு சிறுவன் ஆண்டவரிடம் கொடுத்த ஐந்து அப்பங்களும் வாற்கோதுமை அப்பங்களே (யோவான் 6:9).

3. ஏழையின் பங்கு

ஊர்விட்டு ஊர் செல்லும் ஏழைக்கு ஓர் அப்பத்துக்குக் குறையாமல் கொடுக்கவேண்டும்; இராத்தங்கினால் படுக்க வசதி; ஓய்வுநாளில் தங்கினால் மூன்று வேளை ஆகாரம் என்கிறது அதே மிஷ்னா. அன்றாடம் சேகரித்த உணவு 'தம்ஹூய்' எனப்பட்டது. அது எந்த ஊராருக்கும் உரியது. வாரந்தோறும் பகிரப்பட்ட நிதி 'குப்பா'. அது உள்ளூர் ஏழைகளுக்கு உரியது. இரண்டு வேளை ஆகாரம் கையிலுள்ளவன் தம்ஹூயில் வாங்கலாகாது. 14 வேளைக்கு உள்ளவன் குப்பாவில் வாங்கலாகாது. தர்மத்தை அவர்கள் சாப்பாட்டு வேளைகளால் அளந்தார்கள்.

நமக்குரிய பாடம்

வைத்தியச் செலவுக்காக உழவு மாட்டையும் தையல் மெஷினையும் விற்றுவிட்டு வருகிற குடும்பங்களை வார்டுகளில் நாங்கள் காண்கிறோம். வியாதி குணமாகிறது, ஆனால் வீட்டுக்குத் திரும்பினால் பிழைக்க வழி இல்லை. அவர்களுடைய திரிகைக்கல் போய்விட்டது. நீங்கள் அனுப்பும் காணிக்கை மருந்துக்கு மட்டுமல்ல. அந்தக் கல் வீட்டிலேயே இருக்கவும் உதவுகிறது.

ஆண்டவர் கற்பித்த ஜெபத்தில் அப்பத்தை 'எனக்கு' என்றல்ல, 'எங்களுக்கு' என்றே கேட்கிறோம். அடுத்தமுறை அப்படி ஜெபிக்கும்போது, யாருடைய வீட்டுக் கல் ஓடாமல் நிற்கிறது என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்ப்போமாக.

கர்த்தர் உங்கள் வீட்டு அப்பத்தையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.